மேலகரம் ரோட்டில் ஒரு சுண்ணாம்புக் கோடு

சைக்கிள்காரர்களுக்கென்று ரோட்டில் தனியாகக் கோடு போட்டுக் கொடுத்தால் பாதுகாப்பா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கேட்கிறவர் மேல் அல்ல. இத்தனை வருஷமாகப் பதில் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேனே, அந்தக் கோபம். தெரியாது என்று சொன்னால், அந்த ரோட்டிலேயே தினமும் சைக்கிள் விட்டவளுக்குத் தெரியாதா என்பார்கள். தினமும் விட்டதால்தான் தெரியவில்லை. விடாதவர்களுக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் குற்றாலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். வீடு தென்காசியில். கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் ரோடு இன்ஸ்பெக்டர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடும் அவர் பொறுப்புதான். குழி விழுந்தால் அடைப்பது, கரைந்த ஓரத்துக்கு மண் கொட்டிக் கெட்டிப்படுத்துவது, சாய்ந்த மைல்கல்லை நிமிர்த்துவது, இதெல்லாம் அவர் வேலை. எனக்குக் காலை ஏழரை மணிக்கு டூட்டி. பஸ்ஸை நம்பினால் எட்டு மணிக்குப் போய் டாக்டரிடம் பாட்டு வாங்க வேண்டியதுதான். நர்ஸ் படிப்புப் படித்தபோது கற்றுக்கொண்ட சைக்கிள் கைகொடுத்தது. பொம்பளை சைக்கிள் விடுகிறாள் என்று ஊர் ஒரு மாதம் வேடிக்கை பார்த்தது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

சாரல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவி, குளியல், குளிர்ந்த காற்று. அதற்குள் புகுந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வேறு சமாசாரம். ஆனி, ஆடியில் வழியில் இருக்கிற மேலகரம் தாண்டியதும் மலை மறையும். அப்புறம் வயல் மறையும். புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கடைசியில் முன்சக்கரம் மட்டும் மிச்சமிருக்கும். மழை மேலிருந்து விழுந்தால் குடை பிடிக்கலாம். சாரல் எதிரிலிருந்து முகத்தில் அடிக்கும். அதனால் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் யாரும் குடையைத் தலைக்கு மேல் பிடிப்பதில்லை. இடது கையால் முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, குடைக்குக் கீழே தெரிகிற இரண்டு முழ ரோட்டைப் பார்த்தே மிதிப்போம். தென்காசிக்கு வருகிறவர்களுக்குக் காற்று முதுகில். அவர்கள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார்கள். ஆக, போகிறவருக்கு எதிரே வருகிறவர் தெரியாது. வருகிறவருக்கும் மேகத்துக்குள் கறுப்பாக ஏதோ அசைவது பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும். எழுதிப் பார்க்கும்போது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. அப்போது எல்லோரும் அப்படித்தான் போனோம்.

இதற்கெல்லாம் சேர்த்து எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மணி. மேலகரம் தாண்டினால் கட்டைவிரலை மணியிலிருந்து எடுக்கமாட்டோம். ஓரத்தில் சேறும் பள்ளமும் என்பதால் எல்லோரும் நடுரோட்டில்தான் போவோம், மணியடித்துக்கொண்டே. மணி கெட்டுப்போனவர்கள் கனைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பால்காரர், "வாரேன், வாரேன்" என்று ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார். சத்தம் கிட்டே வந்தால் ஒதுங்குவோம். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பது அந்த நேரத்துப் புத்தியைப் பொறுத்தது.

மணிச் சத்தத்தைப் பொருட்படுத்தாதவர்கள் அருவியில் குளித்துவிட்டு நடந்து வருகிறவர்கள் மட்டும்தான். ஈர வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காற்றில் விரித்தபடியே நடப்பார்கள். போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும் என்று நினைப்பு. சாரலில் அது எந்த ஜென்மத்தில் காய்வது? ஒருநாள் நான் குடையோடு அப்படி ஒரு வேட்டிக்குள் புகுந்துவிட்டேன். மேகம் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்று நினைத்து மிதித்தேன். பின்னாலிருந்து, "யம்மா, வேட்டியக் குடுத்துட்டுப் போங்க" என்று ஒருவர் பரிதாபமாகக் கூப்பிட்டார். வேட்டியை உருவிக் கொடுத்துவிட்டு, திட்ட வேண்டியவள் நானா அவரா என்று தெரியாமல் போய்விட்டேன்.

வேட்டியில் புகுந்தது சிரிப்பு. அதே ஆனி மாதம் பஸ்ஸுக்குப் பயந்து விழுந்தது சிரிப்பில்லை. பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. இடது பக்கம் ஒடித்தேன். தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் அரை முழப் பள்ளம். சக்கரம் அதில் இறங்க, நான் நடவு முடிந்த வயலுக்குள் குப்புறக் கிடந்தேன். பஸ் போன காற்று என் சேலை முந்தானையைத் தூக்கியது. அவ்வளவு நெருக்கம். சேறு பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே காத்திருந்த நோயாளிகள் எழுந்து எனக்கு இடம் விட்டார்கள்.

சாயந்திரம் வீட்டில் சொன்னேன். அடிபட்டதா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எந்த இடத்துல விழுந்த?" என்றார்.

"வயல்ல."

"அது சேலையப் பாத்தாலே தெரியுது. எந்த மைல்கல்லுக்குப் பக்கத்துல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கும்போது அவர் ஆளைக் காணோம். அந்த இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். நான் விழுந்த தடம் வயலில் அப்படியே இருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றதாக அவரோடு வேலை பார்த்த மேஸ்திரி பிற்பாடு சொன்னார். இவராகச் சொல்லவில்லை. இவர் சுபாவம் அப்படி.

அடுத்த நாலு நாள் வெயில் அடித்தது. மேலகரத்திலிருந்து ஒரு மைல் தூரத்துக்கு ஓரத்துப் பள்ளத்தை மண்ணும் சரளையும் போட்டு நிரப்பினார். பிறகு ரோட்டு ஆட்களை வைத்து, ஓரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி நீளமாக ஒரு வெள்ளைக்கோடு போட்டார். வெறும் சுண்ணாம்பு சாரலில் கரைந்துவிடும் என்று சப்பாத்திக்கள்ளிச் சாற்றைக் கலந்து, காயக் காய மூன்று தடவை பூசினார்கள். மேலே யாரிடமும் உத்தரவு வாங்கவில்லை. கேட்டால் வருஷக்கணக்காகும், அதற்குள் சாரல் முடிந்துவிடும் என்றார்.

"பஸ்ஸும் லாரியும் கோட்டுக்கு அந்தப் பக்கம். சைக்கிள் இந்தப் பக்கம். எவ்வளவு மேகம் இறங்குனாலும் காலுக்கடியில வெள்ளை தெரியும்லா? நீ அதப் பாத்துப் போ."

"ஒரு பக்கந்தான் போட்டிருக்கிய?"

"ஏட்டி, நீ காலைல போற பக்கம் அதுதான். சாயந்திரம் வாரப்ப வெளிச்சமாத்தான இருக்கும். மத்தப் பக்கம் அப்புறம் போட்டுக்கிடலாம்."

பெண்டாட்டிக்குப் போட்ட கோடு என்று ஊரில் கிண்டல் பண்ணினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

முதல் பத்து நாள் சொர்க்கம்தான். குடைக்குக் கீழே பார்த்தால் வெள்ளைக்கோடு கூடவே வந்தது. பஸ் ஹாரன் அடித்தால் நெஞ்சு அடிக்கவில்லை. பஸ்காரர்களும் கோட்டைக் கண்டு விலகித்தான் போனார்கள். சேற்றுக்குப் பயந்து நடுரோட்டில் போனவர்கள் எல்லோரும் கெட்டிப்பட்ட ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். இதை முன்னாலேயே யாருக்கும் தோன்றவில்லையே என்றுகூட நினைத்தேன்.

எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றேனே, அதில்தான் வினை. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, அங்கிருந்து வருகிறவர்களும் அந்தக் கோட்டுக்குள்தான் வந்தார்கள். மேகத்துக்குள் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஒருநாள் குறுக்கே நின்று அந்தப் பால்காரரை நிறுத்தினார்.

"இடது பக்கம் போகணும்னு தெரியாதா உமக்கு?"

"அது ரோட்டுக்கு உள்ள சட்டம்லா சார்? இது சைக்கிளுக்குப் போட்ட பாதை. நான் சைக்கிள்லதான வாரேன்?"

இவர் அவரைப் போகவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் கத்தினார். நானும் அவரோடு சேர்ந்து பால்காரரைத் திட்டினேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கு முந்தின நாள் சாயந்திரம் மேகம் இறங்கியிருந்தது. வீடு திரும்பும்போது நானும் வலது பக்கம் ஒதுங்கி அந்தக் கோட்டுக்குள்தான் வந்தேன். சைக்கிள் பாதைக்குத் திசை இருக்கிறது என்று அதைப் போட்டவருக்குத் தெரியும். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் மணி அடிப்பது குறைந்துபோயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கோட்டுக்குள் போகிறோம், பிறகு எதற்கு மணி என்று கட்டைவிரலே முடிவு பண்ணிவிட்டது போலிருக்கிறது. 'வாரேன், வாரேன்' சத்தமும் நின்றுவிட்டது.

ஆனிக் கடைசியில் ஒருநாள் காலை. ரொம்பக் கெட்டியான மேகம். வழக்கம்போல குடையை முகத்துக்கு நேரே பிடித்து, கோட்டைப் பார்த்தே மிதித்துக்கொண்டு போனேன். திடீரென்று குடையில் எதுவோ வந்து இடித்தது. தகர டின் ஒன்று தாரில் உருளும் சத்தம். நான் வலது பக்கம் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. எழுந்து பார்த்தால் இன்னொரு சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. முள்கரண்டியைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருந்தது. ஒடிந்துவிட்டது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆளும் தெரிந்தவர். குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி. நாற்பது வயதிருக்கும். தினமும் விடிந்ததும் தென்காசிச் செக்குக்கு வந்து நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு, குளிக்கிற கூட்டம் சேருவதற்குள் திரும்பிவிடுவார். சாரல் இருக்கிற இரண்டு மூன்று மாதம்தான் அவருக்குப் பிழைப்பு. மற்ற மாதங்களில் வெறுமனே இருப்பார். அந்தப் பிழைப்புக்கு அவரிடம் இருந்தது இரண்டு கை. அதில் ஒன்றை நான் ஒடித்துவிட்டேன்.

குடைக் கம்பையும் என் முந்தானைக் கிழிசலையும் வைத்துக் கையை அசையாமல் கட்டினேன். முடிச்சுப் போடப் போட மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"நீங்க என்ன செய்விய நர்சம்மா? நானும் கோட்டுக்குள்ளதான் வந்தேன், நீங்களும் கோட்டுக்குள்ளதான் வந்திய. யார் மேலயும் தப்பில்ல."

இருவரும் சரியாக வந்திருந்தால் எப்படி மோதினோம் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்றார். ஆறு வாரத்தில் சாரலே ஓடிவிடும்.

என் வீட்டுக்காரர் தினமும் அவரைப் போய்ப் பார்த்தார். அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுத்தார். போன இடத்தில் அண்ணாச்சி ஆறுதல் சொல்லியிருக்கிறார். "கோடு இருக்கட்டும் சார். அது இல்லன்னா நான் நடுரோட்டுல வந்திருப்பேன். நர்சம்மா இடிச்சா கைதான் போச்சு. பஸ் இடிச்சிருந்தா?" இவர் அதைக் கேட்டுத் தெம்பாகத் திரும்பி வருவார். எனக்கும் அது நியாயமாகப் படும்.

மறுவாரம் அண்ணாச்சியின் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவிய வாயால சொல்லமாட்டாவ நர்சம்மா. நான் சொல்லுதேன். அந்தக் கோட்ட அழிச்சிருங்க. பதினஞ்சு வருசமா அந்த ரோட்டுல போயிட்டு வாராவ, ஒரு கீறல் கெடையாது. கோடு போட்டு ஒரு மாசத்துல கை போச்சு. நாளைக்கு வேற யாருக்கு என்ன ஆகும்னு யாரு கண்டா?"

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்காரரிடம் சொல்கிறேன் என்று அனுப்பினேன். ஆனால் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் வயலில் விழுந்த தடத்தைப் பார்த்து நின்றவர் அவர்.

இரண்டு நாள் கழித்து ஜூனியர் எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். உத்தரவு இல்லாமல் ரோட்டில் கோடு போட்டிருக்கிறது, விபத்தும் நடந்திருக்கிறது என்று யார் மூலமோ அவர் காதுக்குப் போயிருந்தது. என்னையும் அந்த இடத்துக்கு வரச் சொன்னார். போகிற வழியில் என் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்." சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்துப் போனேன்.

எஞ்சினியர் நல்ல மனுஷர். அதட்டவில்லை. கோட்டை அளந்தார், ஓரத்தைக் காலால் மிதித்துப் பார்த்தார், வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "இடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க மணி அடிச்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அடிக்கவில்லை. எத்தனை நாளாக அடிக்கவில்லை என்று யோசித்தேன். கோடு போட்ட நாளிலிருந்து அடித்ததாக ஞாபகம் இல்லை.

"அடிக்கல சார்" என்றேன்.

"கோடு இல்லாம இருந்திருந்தா?"

"அடிச்சிருப்பேன்."

சொன்னபிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்று சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன். உண்மைதானா அது? அன்றைக்குக் கை விறைத்துப்போயிருந்தது. காற்றின் வேகத்தில் குடை பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கோடு இல்லாவிட்டாலும் அடிக்காமல் போயிருப்பேனோ என்னவோ. ஆனால் எஞ்சினியர் அதற்குள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டார். பாதுகாப்பு என்று நினைத்து ஜனங்கள் அசட்டையாகிவிடுகிறார்கள், கோட்டை அழித்துவிடுங்கள் என்றார். அதிலும் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அந்த ஒரு மாதத்தில் யார் என்ன சொன்னாலும் எனக்குச் சரியாகவே பட்டது. பெரிய கொடுமை அதுதான்.

கள்ளிச்சாறு கலந்த சுண்ணாம்பு லேசில் போகவில்லை. கம்பித் தூரிகை வைத்து ஆட்களோடு சேர்ந்து இவரும் உட்கார்ந்து தேய்த்தார். ஒரு மைல் தேய்க்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் நான் சைக்கிளில் அவர்களைத் தாண்டித்தான் டூட்டிக்குப் போனேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. வீட்டில் சாப்பாடு கேட்டார், சாப்பிட்டார், அலுவலகக் கதை பேசினார். கோட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

கோடு போனதும் எல்லோரும் பழையபடி நடுரோட்டுக்கு வந்தோம். மணிச் சத்தமும் திரும்பி வந்தது. இதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் பஸ் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் கால் தானாக நின்றது.

ஆவணி பிறந்தது. அண்ணாச்சிக்குக் கட்டுப் பிரித்தார்கள். கை கொஞ்சம் இளைத்திருந்தது. நான்தான் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். இன்னும் பத்து நாளாவது கனமாக எதுவும் தூக்க வேண்டாம் என்றேன். சாரல் இன்னும் முடியவில்லை, கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது, நாலு பேருக்குத் தேய்த்தால்கூட ஆயிற்று என்று சிரித்தார். மூன்றாம் நாள் காலையில் டின்னைக் கட்டிக்கொண்டு செக்குக்குக் கிளம்பிவிட்டார்.

நான் அன்று டூட்டியில் இருந்தேன். எட்டு மணிக்கு ஒரு லாரியிலேயே அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடித்ததும் அந்த லாரிதான். மேலகரம் தாண்டி, கோடு இருந்த இடத்தில். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். வரும் வழியிலேயே உயிர் போயிருந்தது. வலது கையைத்தான் நான் முதலில் பார்த்தேன். அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாரி டிரைவர் ஓடிவிடவில்லை. வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"மணிச் சத்தம் கேட்டுச்சும்மா. விடாம அடிச்சிக்கிட்டுதான் வந்தாரு. எந்தப் பக்கமிருந்து வருதுன்னுதான் தெரியல."

கோடு இருந்திருந்தால் அவர் ஓரத்தில் வந்திருப்பார், லாரி தாண்டிப் போயிருக்கும். அல்லது ஓரத்தில் வேறொரு குடையில் மோதி, லாரிக்கு முன்னாலேயே விழுந்திருப்பார். அல்லது என்னிடம் கை ஒடியாமலே இருந்திருந்தால், வழக்கம்போல வேகமாக மிதித்து, லாரி வருவதற்குள் அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். எப்படிக் கூட்டினாலும் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது. அண்ணாச்சி சொன்னது சரியா, அவர் சம்சாரம் சொன்னது சரியா, எஞ்சினியர் எழுதியது சரியா, நான் சொன்னது உண்மையா? ஊசி போடும்போதும் அதே யோசனை. ஒரு நோயாளிக்குப் போட வேண்டியதை அடுத்தவருக்குப் போடப் போய், டாக்டர் என்னை இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்.

பதினாறு கழிந்தபிறகு அண்ணாச்சியின் சம்சாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தலைவலி, தூக்கமில்லை என்று சீட்டு வாங்கியிருந்தாள். நோயாளிகள் எல்லோரும் போகும்வரை பெஞ்சு முனையில் காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நர்சம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னேம்லா, கோட்ட அழிச்சிருங்கன்னு. அதனாலயா அழிச்சாவ?"

கையிலிருந்த மாத்திரைச் சீசாவை மூடிவைத்தேன்.

"அவிய இருக்கட்டும்னுதான் சொன்னாவ. நான்தான் கேக்காம வந்து சொன்னேன். கண்ண மூடுனா அதான் வருது. நானே அவியள..."

அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவே இல்லை. அவளிடம் அதை மட்டும் சொல்லியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும். அவளுக்கு அது போதாது என்று பட்டது. கோடு யாரால் போனது என்று தெரியாவிட்டால் அவள் மறுபடியும் தன்னையேதான் போய்ப் பிடித்துக்கொள்வாள்.

"நீ சொன்னத நான் எங்க வீட்ல சொல்லக்கூட இல்லம்மா. எஞ்சினியர் வந்து கேட்டாரு. நான் சொன்னேன், அழிச்சாங்க. என் பேச்சாலதான் கோடு போச்சு. உனக்கு இதுல சம்பந்தமே இல்ல."

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்கதானா?"

"ஆமா. நான்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். புருஷன் செத்த அன்று அவள் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு போனாள். பிறகு வந்த வருஷங்களில் எதிரே பார்த்தால் என்னோடு பேசமாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடம்பு தேறி நன்றாகத்தான் இருந்தாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முன்பே வந்து சொன்னதை நான் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அழித்தபிறகு அந்தக் கோட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அன்று மட்டும்தான்.

"உன்னாலதான்னு உனக்கு நெசமாவே தோணுதா?" என்றார்.

"தெரியல."

"தெரியாம எதுக்குட்டி ஒத்துக்கிட்ட?"

"ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்ன செய்ய? அவளாவது தூங்கட்டும்."